பின்னால் சீறிக்கொண்டு வருபவரை என்ன செய்வது? புதிதாக வண்டி ஓட்டுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஓட்டுநர் பயிற்சியில் கிளட்ச், கியர், பிரேக் எல்லாம் சொல்லித் தருகிறார்கள். ரிவர்ஸ் எடுக்கவும், மேட்டில் வண்டி பின்னால் உருளாமல் நகர்த்தவும் பழக்குகிறார்கள். பின்னால் ஒருவர் ஹாரனை அழுத்திப் பிடித்தபடி, ஹெட்லைட்டை அடித்து அடித்து விரட்டும்போது என்ன செய்வது என்று மட்டும் பெரும்பாலும் யாரும் சொல்லித் தருவதில்லை. உரிமம் கைக்கு வந்த சில நாட்களிலேயே அந்தப் பாடம் தேவைப்பட்டுவிடுகிறது. நன்றாக ஓட்டக்கூடிய பலர் சாலைக்கு வரவே அஞ்சி வண்டியை உறை போட்டு மூடி வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்தப் பயம் வீண் என்று சொல்ல மாட்டேன். கோபத்தோடு வண்டி ஓட்டும் மனிதர் உண்மையிலேயே ஆபத்தானவர். ஆனால் அவரைச் சமாளிக்கத் துணிச்சலோ அசாத்தியத் திறமையோ வேண்டியதில்லை. அவருக்கும் உங்களுக்கும் நடுவே தூரத்தை வளர்க்கத் தெரிந்தால் போதும். கீழே வரும் ஒவ்வொரு படியும் அந்தத் தூரத்தைப் பற்றியதுதான்.

அந்தக் கோபம் உங்களைப் பற்றியது அல்ல

நடைபாதையில் இரண்டு பேர் தெரியாமல் இடித்துக்கொண்டால், "மன்னிக்கவும்" என்று சொல்லிவிட்டு ஆளுக்கொரு பக்கம் போய்விடுவார்கள். அதே இருவர் வண்டிக்குள் இருந்தால் முகம் தெரிவதில்லை, குரல் கேட்பதில்லை, மன்னிப்புக் கேட்க வழியும் இல்லை. எதிரே தெரிவது ஒரு வண்டியின் முதுகும் நம்பர் பிளேட்டும்தான். அதைத் திட்டுவது எளிது.

உளவியலாளர் லீ ராஸ் 1977இல் பெயரிட்டு விளக்கிய ஒரு மனப்பிழை சாலையில் நொடிக்கு நொடி நடக்கிறது. நான் திடீரென்று தடம் மாறினால் அதற்கு ஒரு காரணம் இருக்கும்: பள்ளம் இருந்தது, பலகையைக் கவனிக்கவில்லை. இன்னொருவர் அதையே செய்தால், அவர் ஆளே அப்படித்தான் என்று முடிவுகட்டிவிடுவோம். பின்னால் ஹாரன் அடிப்பவரும் உங்களைப் பற்றி அப்படித்தான் முடிவுகட்டியிருக்கிறார். நீங்கள் நேற்றுத்தான் உரிமம் வாங்கினீர்கள் என்பது அவருக்குத் தெரியாது.

1968இல் ஆந்தனி டூப், ஆலன் கிராஸ் என்ற இரு ஆய்வாளர்கள் கலிபோர்னியாவில் ஒரு சோதனை செய்தார்கள். பச்சை விளக்கு விழுந்த பின்னும் நகராமல் ஒரு காரை நிறுத்தி வைத்து, பின்னால் இருப்பவர் எவ்வளவு விரைவாக ஹாரன் அடிக்கிறார் என்று பார்த்தார்கள். நிற்பது பழைய, மலிவான கார் என்றால் ஹாரன் சீக்கிரம் கேட்டது; பளபளப்பான விலையுயர்ந்த கார் என்றால் பொறுமை நீண்டது. தாமதம் ஒன்றேதான். எவரிடம் கோபத்தைக் காட்டலாம் என்ற கணக்கு மட்டும் மாறியது. புதியவர்கள் இதை நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். ஹாரன் சத்தம் உங்கள் ஓட்டும் திறமைக்குக் கிடைக்கும் மதிப்பெண் அல்ல.

புறப்படும் முன்

கால் மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள். எல்லோரும் சொல்லும் அறிவுரைதான். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் குறைவு. 10 கிலோமீட்டர் தூரத்தை மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 12 நிமிடம் ஆகும். வேகத்தை 60 ஆக்கினால் 10 நிமிடம். ஆபத்தை ஏற்றிக்கொண்டு முண்டியடித்துக் கிடைப்பது 2 நிமிடம். நடுவே ஒரு சிவப்பு விளக்கு விழுந்தால் அதுவும் போய்விடும். இந்தக் கணக்கு உங்கள் மனத்தில் இருந்தால், ஒருவர் குறுக்கே புகுந்து முந்திப் போகும்போது எதையோ பறிகொடுத்துவிட்டதாகத் தோன்றாது.

வீட்டில் சண்டை போட்ட சூட்டோடு சாவியை எடுக்காதீர்கள். தூக்கம் போதாத நாளிலும் பசியோடும் பொறுமை சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நாட்டில் புதிய ஓட்டுநர் என்று காட்டும் பலகையோ ஸ்டிக்கரோ இருந்தால், கட்டாயம் இல்லாவிட்டாலும் ஒட்டிக்கொள்ளுங்கள். சிலர் வெட்கப்பட்டுக் கழற்றிவிடுகிறார்கள். அதைப் பார்த்து விலகிப் போகிறவர்கள் நிறையப் பேர். அவர்கள் சத்தம் போடாமல் போய்விடுவதால் உங்களுக்குத் தெரிவதில்லை.

தெரியாமல் சீண்டாதீர்கள்

கோபப்படுவது அவருடைய குற்றம்தான். இருந்தாலும் தீப்பொறி விழாமல் பார்த்துக்கொள்வது நம்மால் முடியும். முந்திச் செல்வதற்கான தடத்தில் மெதுவாக ஓட்டிக்கொண்டே இருப்பது, இண்டிகேட்டர் போடாமல் திரும்புவது, எதிரே வண்டி வரும்போதும் ஹைபீமைக் குறைக்காமல் இருப்பது, இரண்டு தடங்களுக்கும் நடுவே கோட்டின் மேல் ஓட்டுவது ஆகியவை புதியவர்கள் அறியாமல் செய்பவை. எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து, செய்யப்போவதை முன்கூட்டியே காட்டிவிட்டுச் செய்வது. திரும்பும் இடம் தவறிவிட்டதா? போகட்டும். அடுத்த திருப்பத்தில் சுற்றி வாருங்கள். கடைசி நொடியில் ஸ்டியரிங்கை ஒடித்து மூன்று வண்டிகளைப் பிரேக் போட வைக்க வேண்டாம்.

ஹாரன் ஆபத்தை எச்சரிப்பதற்கு. சாலை விதிகளுக்கான பன்னாட்டு ஒப்பந்தமான, 1968ஆம் ஆண்டின் வியன்னா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையே விபத்தைத் தவிர்ப்பதற்கும், ஊருக்கு வெளியே முந்தப்போவதை அறிவிப்பதற்கும் மட்டும்தான் அதை அனுமதிக்கிறது. எரிச்சலைக் காட்ட நீங்கள் ஒரு முறை அடித்தால், சண்டையை முதலில் தொடங்கியவர் நீங்களாகிவிடுவீர்கள்.

சிக்னலில் வண்டி நின்றுபோனால்

புதியவர்கள் அதிகம் அஞ்சும் நேரம் இதுதான். பச்சை விழுகிறது, கிளட்சைச் சற்று வேகமாக விட்டுவிடுகிறீர்கள், வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி அடங்கிவிடுகிறது. பின்னால் ஒரு ஹாரன், அடுத்து இரண்டு, அப்புறம் வரிசை முழுவதும். காது சூடாகிறது. கை சாவியைத் தேடுகிறது, கால் கிளட்சை மறந்துவிடுகிறது. கியரில் இருக்கும்போதே திருப்பியதால் வண்டி முன்னால் எகிறி மறுபடியும் நிற்கிறது. பதற்றம் கூடக்கூட இதுவே திரும்பத் திரும்ப நடக்கும்.

வீட்டில் வண்டி நிற்கும்போதே இதை ஒரு வரிசையாகப் பழகிவிடுங்கள்.

1. பிரேக்கை அழுத்துங்கள். வண்டி உருளக்கூடாது.
2. அபாய விளக்கைப் போடுங்கள். நான்கு இண்டிகேட்டரும் ஒன்றாக மின்னும்போது பின்னால் இருப்பவருக்கு விஷயம் புரிந்துவிடும். வேண்டுமென்றே நிற்கிறீர்கள் என்ற சந்தேகம் போய்விடும்.
3. கிளட்சை முழுவதுமாக மிதித்து, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள்.
4. ஒரு மூச்சை மெதுவாக வெளியே விடுங்கள். அதன் பிறகு எஞ்சினை இயக்குங்கள்.
5. முதல் கியர், கண்ணாடியில் ஒரு பார்வை, அபாய விளக்கை அணைத்துவிட்டு நகருங்கள்.

நான்காவது படியை யாரும் விட்டுவிடக்கூடாது என்று அழுத்திச் சொல்வேன். அந்த ஒரு மூச்சுக்கு ஆகும் நேரம் இரண்டு மூன்று விநாடிதான். பதறிப்போய் மறுபடி வண்டியை நிறுத்தினால் ஆகும் நேரம் அதைவிட அதிகம். அதற்குள் சிவப்பு விழுந்துவிட்டால் விழட்டும். பின்னால் இருப்பவர்களுக்கு ஒரு சிக்னல் தாமதமாகிறது. அதற்கு மேல் எதுவும் நடந்துவிடவில்லை.

பின்னால் ஒட்டிக்கொண்டு வருபவர்

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடிவிடும். பின்னால் வருபவர் 5 மீட்டர் இடைவெளியில் வருகிறார் என்றால், அவருக்கு இருப்பது 0.3 விநாடி. முன்னால் பிரேக் விளக்கு எரிவதைக் கண்டு, புரிந்துகொண்டு, காலைப் பிரேக்குக்குக் கொண்டுபோகவே மனிதனுக்குச் சாதாரணமாக ஒரு விநாடி ஆகும். நீங்கள் பலமாகப் பிரேக் அடித்தால் அவர் உங்கள்மேல் மோதுவதைத் தவிர வேறு வழியில்லை. அவர் எவ்வளவு கெட்டிக்காரர் என்பதற்கு இதில் இடமே இல்லை.

ஆகவே இருவருக்கும் சேர்த்து நீங்கள் பிரேக் போட வேண்டியிருக்கிறது. செய்ய வேண்டியது பலருக்கும் தலைகீழாகத் தோன்றும்: உங்களுக்கு முன்னால் இருக்கும் இடைவெளியை அதிகமாக்குங்கள். வழக்கமாக முன்னால் போகும் வண்டிக்கும் உங்களுக்கும் இரண்டு விநாடி இடைவெளி வைக்கச் சொல்வார்கள். 60இல் அது ஏறக்குறைய 33 மீட்டர். முன்னால் போகும் வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டும்போது எண்ணத் தொடங்கி, நீங்கள் அதே கம்பத்தை அடையும்வரை எண்ணினால் இடைவெளி தெரிந்துவிடும். பின்னால் ஒருவர் ஒட்டிக்கொண்டு வரும்போது அதை நான்கு விநாடி ஆக்குங்கள். ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை இலேசாகத் தளர்த்தினாலே போதும், பிரேக்கைத் தொட வேண்டாம். இப்போது முன்னால் எவர் திடீரென்று நின்றாலும் உங்களால் மெதுவாக வேகம் குறைக்க முடியும். பின்னால் வருபவருக்கும் நேரம் கிடைக்கும்.

அவர் விரட்டுகிறார் என்பதற்காக வேகத்தைக் கூட்டாதீர்கள். வேகம் 30இல் இருந்து 60 ஆனால் பிரேக் பிடித்து நிற்கத் தேவைப்படும் தூரம் இரண்டு மடங்கு ஆவதில்லை, நான்கு மடங்கு ஆகிறது. அவருடைய அவசரத்துக்கு உங்கள் உயிரை ஈடு வைக்க நீங்கள் கடமைப்பட்டவர் அல்ல. தவிர, 60இல் ஒட்டிக்கொண்டு வருபவர் 80இலும் ஒட்டிக்கொண்டுதான் வருவார்.

கண்ணாடி முழுக்க அவருடைய ஹெட்லைட் நிறைந்து கண் கூசினால், உள்கண்ணாடியின் அடியில் இருக்கும் சின்ன நெம்புகோலைத் தட்டி இரவு நிலைக்கு மாற்றுங்கள். ஒளி மங்கிவிடும், உங்கள் கவனமும் முன்பக்கம் திரும்பும். ஐந்து விநாடிக்கு ஒருமுறை அவரைப் பார்த்துக்கொண்டிருந்தால் முன்னால் நடப்பது தெரியாமல் போய்விடும்.

அப்புறம் வழி விடுங்கள். பாதுகாப்பான இடம் வந்ததும் இண்டிகேட்டர் போட்டு ஓரத் தடத்துக்கு மாறுங்கள். ஒற்றைத் தடச் சாலை என்றால் அகலமான இடம் பார்த்து ஒதுங்குங்கள். அவர் முந்தத் தொடங்கிய பின் வேகத்தைக் கூட்டவே கூடாது. வியன்னா உடன்படிக்கையும் முந்தப்படுபவர் வேகம் கூட்டக்கூடாது என்றே சொல்கிறது. எதிரே வண்டி வரும் சாலையில் இப்படி அடைத்துக்கொண்டு போனால், நேருக்கு நேர் மோதும்போது சாகப்போவது அவர் மட்டும் அல்ல.

வேண்டுமென்றே பிரேக்கைத் தட்டிக் காட்டுவது, கண்ணாடி துடைக்கும் தண்ணீரைப் பீய்ச்சி அவர் வண்டிமேல் தெறிக்க வைப்பது, வேகத்தை வெகுவாகக் குறைத்து அவரை வெறுப்பேற்றுவது எல்லாம் அனுபவசாலிகள் சிலர் பெருமையோடு சொல்லித் தரும் தந்திரங்கள். காதில் வாங்காதீர்கள். முதல் வகை பல நாடுகளில் தண்டனைக்குரிய குற்றம்.

முறைப்பும் வசவும்

பக்கத்தில் வந்து ஜன்னலை இறக்கிக் கத்துகிறார். அவருக்கு வேண்டியது உங்கள் பதில். கண்ணோடு கண் பார்த்தாலே அதைச் சவாலாக எடுத்துக்கொள்வார். பார்வையைச் சாலையில் வையுங்கள், ஜன்னலை ஏற்றுங்கள், எதுவும் பேசாதீர்கள். நியாயத்தை விளக்க அது இடமும் அல்ல, நேரமும் அல்ல.

தவறு உங்கள் பக்கம் இருந்தால் கையை ஒரு கணம் உயர்த்தி, தலையை இலேசாக அசைத்து மன்னிப்பைத் தெரிவிக்கலாம். பல சண்டைகள் அந்த ஓர் அசைவிலேயே அணைந்துவிடும். விரல்களால் காட்டும் சைகைகள் எதையும் தவிர்த்துவிடுங்கள். அவை நாட்டுக்கு நாடு பொருள் மாறும். விரித்த உள்ளங்கையை எதிராளியின் முகத்தை நோக்கி நீட்டுவது கிரேக்க நாட்டில் கடும் அவமதிப்பு. புதிய நாட்டில் வண்டி ஓட்டுபவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

உடன் வருபவர்களுக்கும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஓட்டுநர் அமைதியாக இருக்க, பக்கத்து இருக்கையில் இருப்பவர் ஜன்னல் வழியே திரும்பக் கத்துவதால் பெரிதாகிப்போன சண்டைகள் எத்தனையோ. அவர் செய்யத்தக்க உதவி ஒன்று உண்டு: அந்த வண்டியின் எண்ணைக் குறித்துக்கொள்வது.

பின்தொடர்ந்தால், இறங்கி வந்தால்

ஒரு வண்டி உங்களைத் தொடர்கிறதோ என்று ஐயம் எழுந்தால், ஒரே பக்கமாக நான்கு முறை திரும்புங்கள். கட்டடங்களைச் சுற்றிக்கொண்டு புறப்பட்ட இடத்துக்கே வந்திருப்பீர்கள். வேறு வேலையாகப் போகும் எவரும் அப்படிச் சுற்ற மாட்டார்கள். அப்போதும் அவர் பின்னால் இருந்தால் ஐயம் தீர்ந்தது.

வீட்டுக்குப் போகாதீர்கள். வீடு எது என்று அவருக்குக் காட்டிக்கொடுத்துவிட்டால் இன்றோடு முடிய வேண்டியது நாளைக்கும் நீளும். காவல் நிலையம், மருத்துவமனையின் அவசரப் பிரிவு வாசல், ஆள் நடமாட்டமும் காமிராவும் உள்ள எரிபொருள் நிலையம் இவற்றில் ஒன்றுக்குச் செல்லுங்கள். முட்டுச் சந்துகளையும் இருட்டான குறுக்குவழிகளையும் தவிருங்கள். உடன் வருபவர் அவசர எண்ணை அழைக்கட்டும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் உட்படப் பல நாடுகளில் அது 112. தனியாக இருந்தால், கையில் எடுக்காமலே குரலால் அழைக்கும் வசதியை முன்பே பழகி வைத்திருங்கள்.

சிக்னலில் நிற்கும்போதெல்லாம் முன்வண்டியின் பின்சக்கரங்கள் தரையைத் தொடும் இடம் உங்கள் கண்ணுக்குத் தெரியும்படி தள்ளியே நில்லுங்கள். அவ்வளவு இடம் இருந்தால் ரிவர்ஸ் எடுக்காமலே ஸ்டியரிங்கைத் திருப்பி வெளியேற முடியும். நெருங்கி நின்றுவிட்டால் முன்னும் பின்னும் அடைபட்டுவிடுவீர்கள்.

அவர் வண்டியைவிட்டு இறங்கி உங்களை நோக்கி வருகிறாரா? கதவுகள் பூட்டியிருக்க வேண்டும், ஜன்னல் ஏற்றியிருக்க வேண்டும், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். நீங்கள் இறங்கவே கூடாது. பேசித் தீர்த்துவிடலாம் என்ற நல்லெண்ணத்தோடு இறங்கியவர்கள் அடிபட்டிருக்கிறார்கள். வழி இருந்தால், அவர்மேல் படாமல் மெதுவாக நகர்ந்து வெளியேறுங்கள். வழி இல்லையென்றால் ஹாரனை விடாமல் அழுத்துங்கள். கூட்டத்தின் கவனம் உங்கள் பக்கம் திரும்ப வேண்டிய நேரம் அது.

வண்டிகள் மோதிக்கொண்ட பிறகு இப்படி நேர்ந்தால் சிக்கல் அதிகம். விபத்து நடந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பது பெரும்பாலான நாடுகளின் சட்டம். உயிருக்கு ஆபத்து என்று தோன்றி நகர்ந்தே ஆக வேண்டுமென்றால், அந்த நொடியே காவல்துறையை அழைத்து, என்ன நடந்தது, ஏன் நகர்கிறீர்கள், எங்கே நிற்கப்போகிறீர்கள் என்ற மூன்றையும் சொல்லிவிடுங்கள். அந்த அழைப்பின் பதிவு, நீங்கள் தப்பி ஓடவில்லை என்பதற்குச் சான்றாக நிற்கும்.

இருசக்கர வண்டியில் போகிறவர்களுக்கு

பூட்டிக்கொள்ளக் கதவு இல்லை. கார்க்காரர் ஒரு முறை ஸ்டியரிங்கை இலேசாக ஒடித்தாலே உயிர் போய்விடும். ஆகையால் இங்கே விட்டுக்கொடுப்பதற்கு மாற்றே இல்லை. கோபக்காரரின் பக்கவாட்டில் ஒருபோதும் ஓடாதீர்கள். ஒன்று வெகுவாகப் பின்தங்குங்கள், அல்லது அவர் நுழைய முடியாத குறுகிய தெருவுக்குள் திரும்பிவிடுங்கள். நிறுத்த நேர்ந்தால் ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள், எஞ்சினை அணைக்காதீர்கள். கடந்து போகும்போது காரின் பக்கக் கண்ணாடியைத் தட்டிவிட்டுப் போகும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அதைப் போல முட்டாள்தனம் வேறில்லை.

கோபம் உங்களுக்கே வந்தால்

வரும். நல்லவர்களுக்கும் வரும். 2008இல் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்று, ஸ்டிக்கர்களும் அலங்காரங்களும் ஒட்டி வண்டியைத் தன் எல்லையாகப் பாவிப்பவர்களிடம் ஆவேசமாக ஓட்டும் போக்கு அதிகம் இருப்பதைக் கண்டது. ஸ்டிக்கரில் எழுதியிருந்த வாசகம் சாந்தமானதா முரட்டுத்தனமானதா என்பது பொருட்டாகவே இல்லை. வண்டியும் அதன் முன்னால் இருக்கும் சாலையும் என்னுடையவை என்று மனம் எண்ணத் தொடங்கிவிட்டால், குறுக்கே வருபவர் அத்துமீறியவராகத் தெரிகிறார்.

தாடை இறுகுவது, ஸ்டியரிங்கை நெரிப்பது போலப் பிடிப்பது, காதில் விழாத ஓட்டுநரிடம் சத்தமாகப் பேசுவது இவை முன்னறிகுறிகள். "இவனுக்கு ஒரு பாடம் புகட்ட வேண்டும்" என்ற வாக்கியம் மனத்தில் வந்தவுடன் அடுத்த பாதுகாப்பான இடத்தில் வண்டியை ஓரங்கட்டுங்கள். உள்ளே இழுப்பதைவிட வெளியே விடும் மூச்சு நீளமாக இருக்கும்படி சில முறை மூச்சு விடுங்கள். இதயத் துடிப்பு இறங்கும். அந்த வண்டி கண்ணுக்கு மறைந்து வெகுநேரம் ஆன பிறகே கிளம்புங்கள்.

எல்லாம் முடிந்த பிறகு

ஆபத்து நீங்கிய பின்னும் கை நடுங்கும், வாய் உலர்ந்திருக்கும். அட்ரினலின் இரத்தத்தில் இருந்து வடிய நேரம் ஆகும். அதுவரை ஓட்டாதீர்கள். பத்திரமான இடத்தில் நிறுத்தி, தண்ணீர் குடித்து, நம்பிக்கையான ஒருவரிடம் தொலைபேசியில் பேசுங்கள்.

புகார் கொடுப்பதாக இருந்தால் நினைவு மங்கும் முன் எழுதி வையுங்கள்: வண்டி எண், வகை, நிறம், நேரம், இடம், எந்தத் திசையில் போனார், என்ன செய்தார், பார்த்தவர்கள் யார். "கண்டபடி ஓட்டினார்" என்று எழுதுவதைவிட, "இரண்டு முறை என் தடத்துக்குள் வந்து பிரேக் அடித்தார்" என்று எழுதுவது காவல்துறைக்குப் பயன்படும். காணொளியைச் சமூக ஊடகத்தில் போடுவதற்கு முன் காவல்துறையிடம் கொடுங்கள். வண்டியில் டாஷ்கேம் (சாலையைப் பதிவு செய்யும் காமிரா) இருந்தால் அன்றைக்கே அந்தப் பதிவை வேறிடத்தில் சேமித்துவிடுங்கள். பெரும்பாலான டாஷ்கேம்கள் மெமரி கார்டு நிறைந்ததும் பழைய பதிவை அழித்து அதன் மேலேயே புதியதை எழுதிக்கொண்டு போகும்.